மகளை அரசுப் பள்ளிக்கு மாற்றினேன்: ஊர் முழுக்க விசாரித்தேன், எமிஸ் பற்றி மட்டும் விசாரிக்கவில்லை

மூன்று வாரம். என் மகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், நோட்டு எழுதினாள், பக்கத்துப் பெண்ணோடு சண்டை போட்டு சமாதானமும் ஆனாள். ஆனால் எமிஸில், அதாவது மாணவர் விவரங்களை வைத்திருக்கும் அரசு இணையதளத்தில், அந்தப் பள்ளியின் கணக்கில் அவள் இல்லை. காலையில் டீச்சர் மொபைலில் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது இவள் பெயர் மட்டும் வராது. "உன் பேரு இன்னும் ஏறலம்மா, அம்மாவை வந்து ஆபீஸ்ல பார்க்கச் சொல்லு" என்று நாள் தவறாமல் ஒரு தடவை சொல்லி அனுப்புவார். இதற்காக நான் போட்ட அரைநாள் லீவு மட்டும் நான்கு. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மெட்ரிக் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் பிள்ளையை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

ஏன் மாற்றினேன் என்பது பெரிய கதை இல்லை. கட்டணம், வேன், அப்புறம் ஏழாம் வகுப்பிலிருந்தே பத்தாம் வகுப்பைக் காட்டிப் பயமுறுத்துகிற வழக்கம். அவ்வளவுதான்.

முடிவெடுப்பதற்கு முன்னால் இரண்டு மாதம் விசாரித்தேன். அரசுப் பள்ளியைப் பற்றி அதிகம் பேசியவர்களில் ஒருவர் பிள்ளைகூட அரசுப் பள்ளியில் படிக்கவில்லை. அலுவலகத்தில் ஒருவர் "பொண்ணு கெட்டுப் போயிடுவா" என்று ஒரே வரியில் முடித்தார், அவர் அந்தத் தெருவுக்கே போனதில்லை. எதிர்வீட்டு அக்கா "இப்போ எல்லாம் அரசுப் பள்ளி சூப்பரா ஆயிடுச்சு, ஸ்மார்ட் கிளாஸ் எல்லாம் வந்திருக்கு" என்று உற்சாகப்படுத்தினார், அவர் பையனோ சி.பி.எஸ்.இ. பள்ளி. சொந்தத்தில் ஒரு மாமா இருக்கிறார், அரசுப் பள்ளி ஆசிரியராகவே ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டதற்கு "யோசிச்சு செய்ம்மா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்து, சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்குப் போய் கேட் பக்கத்தில் நின்றேன். மூன்று நாள் அப்படிப் போனேன். அங்கே நிற்கிற அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தால் வேறு உலகம். ஒருவர் "வீட்டுப்பாடமே கொடுக்கிறதில்லை" என்று குறைப்பட்டார். அவர் பக்கத்தில் நின்றவர் அதையே "வீட்டுப்பாடம்னு உயிரை வாங்குறதில்லை" என்று மெச்சிக்கொண்டார். இரண்டு பேர் பெண்களும் ஒரே வகுப்பு, ஒரே செக்‌ஷன்! பெற்றோர் கருத்து என்பது பாதி அவர்கள் வீட்டுக் கதைதான் என்று அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் எல்லாரும் ஒத்துப்போன விஷயங்களும் உண்டு. கழிப்பறை மோசம், மதியத்துக்கு மேல் தண்ணீர் வராது. எச்.எம். கண்டிப்பானவர், ஆனால் யார் போனாலும் உட்கார வைத்துப் பேசுவார். இவை இரண்டும் அப்படியே உண்மையாக இருந்தன.

பிள்ளைகள் சொல்வதுதான் தங்கம். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எந்த சார் வகுப்புக்கு வந்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், எந்த லேப் பூட்டியே கிடக்கிறது, எல்லாம் பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு மனப்பாடம். "ஸ்கூல் எப்படி" என்று கேட்டால் "நல்லாருக்கும்" என்று மட்டும்தான் சொல்வார்கள். "போன வாரம் சயின்ஸ் பீரியட் எத்தனை நடந்துச்சு" என்று கேளுங்கள், கொட்டுவார்கள். ஒரு பெண் விரல் விட்டு எண்ணியே காட்டினாள்.

இவ்வளவு கேட்டும் ஒரு இடத்தில் ஏமாந்தேன். எல்லாப் பெண்களும் ஒரு கணக்கு டீச்சரைக் கொண்டாடினார்கள், பாதி அவருக்காகவே முடிவெடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஜூலையில் பார்த்தால் அவர் மாறுதல் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். தனியார் பள்ளியில் ஆசிரியர் பாதியில் விட்டுப்போவது போலத்தான் இதுவும், ஆனால் அரசுப் பள்ளியில் அந்த இடம் காலியாகவே நிற்கவும் வாய்ப்பு உண்டு. எங்களுக்கு அதிர்ஷ்டம், இன்னொருவர் வந்துவிட்டார். ஆகவே ஒரு ஆசிரியரை நம்பி மட்டும் பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கருத்து சொல்பவர் எந்த வருஷத்துப் பள்ளியைச் சொல்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்ச்சி விகித பேனரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். இது அரசு, தனியார் இரண்டுக்கும் சேர்த்துத்தான். "ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாவது பரீட்சையை எத்தனை பேர் எழுதினார்கள்" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் விசாரித்த ஒரு பள்ளியில் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு சிரிப்புதான் கிடைத்தது.

இன்னொரு பெரிய எச்சரிக்கை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. "ஒன்பதாவதில் மாத்தினாலே போதும், மெடிக்கல் சீட்டுக்கு அந்தக் கோட்டா கிடைச்சிடும்" என்று எனக்கு மூன்று பேர் அடித்துச் சொன்னார்கள். கிடைக்காது. 2020-இல் மருத்துவப் படிப்புக்கு வந்த சட்டமும் சரி, அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் என்று விரிவாக்கியதும் சரி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. என் மகள் கட்டணம் கட்டிப் படித்தவள். கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். இதை எச்.எம். சேர்க்கைக்கு முன்பே, நான் கேட்காமலே சொன்னார். அந்த நேர்மைக்காகவே அங்கே சேர்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம், மூன்று வருஷம் முன்னாலேயே மாற்றியிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

சரி, டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கதைக்கு வருகிறேன்.

ஏப்ரலிலேயே கேட்டிருக்க வேண்டும். "முடிவு வரட்டும்" என்று மே கடைசி வரை இழுத்தேன், அது என் தப்பு. போய்க் கேட்டால் வேன் கட்டணம் 6,500 ரூபாய் பாக்கி என்றார்கள். மகள் மார்ச் முதல் வேனில் போகவே இல்லை, அதை எழுதிக்கூடக் கொடுத்திருந்தேன், நகல்தான் எடுத்து வைக்கவில்லை. அலுவலகத்தில் இருந்த பெண் கம்ப்யூட்டரை விட்டுத் தலையே தூக்காமல் "கிளியர் பண்ணிட்டு வாங்க மேடம்" என்றார்.

நானும் தயாராகத்தான் போயிருந்தேன். முந்தின இரவு ஒரு மணி வரை படித்து, கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவை மனப்பாடமாக வைத்திருந்தேன். டி.சி. கேட்டால் உடனே தர வேண்டும், தாமதித்தால் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று கணீரென்று சொன்னேன். அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். "அது எட்டாவது வரைக்கும் மேடம். உங்க பொண்ணு ஒன்பதாவதுக்குல்ல போறா." என் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்ற மகள் பார்த்திருக்கிறாள், இன்னும் நடித்துக் காட்டுகிறாள். கட்டண வசூலுக்கு டி.சி.யைக் கருவியாக்கக் கூடாது, பாக்கி என்று அதில் எழுதவும் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துவிட்டேன். "எங்களுக்கு சர்க்குலர் வரல" என்றார். ஒரு பயணம் வீண்.

வேலை செய்தது சட்டம் இல்லை, ஒரு வெள்ளைத்தாள். மறுநாள் ஒரு பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதினேன்: இந்தத் தேதியில் டி.சி. கேட்டேன், இந்தக் காரணம் சொல்லி மறுத்தீர்கள், மறுப்பை எழுத்தில் தாருங்கள். கீழே ஓரமாக "நகல்: மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்)" என்று ஒரு வரி. இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் கேட்டேன். உள்ளே எடுத்துப் போனார்கள், அரை மணி நேரம் கழித்து "ரெண்டு நாள்ல வாங்க" என்று முத்திரை இல்லாமலே திருப்பிக் கொடுத்தார்கள். சாயங்காலமே பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். நான்காம் நாள் அவர்களே போன் செய்து டி.சி. ரெடி என்றார்கள். 6,500 பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அன்றைக்கு வண்டியில் மகளோடு பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன், அதை மறைப்பானேன்.

அரசுப் பள்ளியில் சேர்க்கை இருபது நிமிடத்தில் முடிந்தது. டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ், போட்டோ, அவ்வளவுதான். ஆங்கிலவழி செக்‌ஷனில் இடம் இருந்தது.

இங்கேதான் அந்த மூன்று வாரம் ஆரம்பம். கையில் டி.சி. இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். பழைய பள்ளி காகிதத்தில் டி.சி.யைக் கொடுத்துவிட்டு எமிஸில் என் மகளை விடுவிக்கவே இல்லை. தெரியாதவர்களுக்காக: தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் உண்டு. பழைய பள்ளி அந்த இணையதளத்தில் பெயரை விடுவித்து காமன் பூலுக்கு அனுப்ப வேண்டும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துத் தன் வகுப்பில் சேர்க்கும். அது நடக்கும் வரை பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் ஆப்பில் பழைய பள்ளி மாணவிதான். இரண்டு மாதமாக இத்தனை பேரிடம் கேட்டேனே, ஒருத்தர்கூட இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அதன் பிறகு பந்து விளையாட்டு. புதிய பள்ளி கிளார்க் நல்லவர்தான், ஆனால் "அவங்க விட்டாத்தான் மேடம் நான் எடுக்க முடியும்" என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் முடியாது. பழைய பள்ளியில் "எமிஸ் பார்க்கிற மிஸ் லீவு", அடுத்த தடவை "சர்வர் ஸ்லோ", மூன்றாவது தடவை "அப்பவே விட்டாச்சே, அவங்களுக்குப் பார்க்கத் தெரியல". இதை நம்பிப் புதிய பள்ளிக்குப் போய் அந்த கிளார்க்கிடம் கோபப்பட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திரையை என் பக்கம் திருப்பி எண்ணைப் போட்டுக் காட்டினார், பழைய பள்ளியின் பெயர் அப்படியே நின்றது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் புகார் கொடுத்தேன், பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். அது எங்கேயாவது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது, ஏனென்றால் அடுத்த நாளே நான் கிளம்பிவிட்டேன்.

திரையை போட்டோ எடுத்துக்கொண்டு, டிபன் பாக்ஸோடு பழைய பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். "விட்டாச்சு" என்றவரிடம் போட்டோவைக் காட்டி, "நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன், மெதுவா பண்ணுங்க" என்று சொல்லி உட்கார்ந்தேன். சத்தம் போடவில்லை. பதினொன்றரைக்கு உட்கார்ந்தது. ஒரு மணிக்குச் சேர்க்கை விசாரிக்க ஒரு குடும்பம் வந்தது, அவர்கள் என்னைப் பார்த்து "நீங்களும் அட்மிஷனுக்கா" என்று கேட்டார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் எமிஸ் மிஸ் எங்கிருந்தோ வந்துவிட்டார். நான்கு நிமிட வேலை. அங்கிருந்தே புதிய பள்ளி கிளார்க்குக்கு போன் போட்டு, "இப்போ பாருங்க சார்" என்றேன். "வந்துடுச்சு மேடம்" என்று அவர் சொன்ன பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். டி.சி. வாங்கும் அன்றே, அதே மேஜை முன்னால் நின்றபடி எமிஸில் விடச் சொல்லுங்கள், புதிய பள்ளியில் ஒருவரைப் பார்க்கச் சொல்லி உறுதி ஆன பிறகு வெளியே வாருங்கள்.

பெயர் ஏறிய பிறகு இலவசப் பாடநூல்கள் வந்தன. அதுவரை துறையின் தளத்திலிருந்து இறக்கிய பி.டி.எஃப்.தான், அறிவியல் புத்தகத்தை மட்டும் அச்சடித்துக் கொடுத்தேன்.

இப்போது என் மகளின் கருத்தைக் கேட்டால்: தமிழ் ஐயா பிரமாதம், சயின்ஸ் லேபில் முதன்முறையாக அவளே கையால் ஒரு பரிசோதனை செய்தாள், கிளாஸில் கூட்டம் ஜாஸ்தி, இங்கிலீஷ் பீரியடில் தூக்கம் வருகிறது. கழிப்பறைக்குப் போகாமலிருக்கத் தண்ணீரே குடிப்பதில்லை என்று இரண்டாவது வாரம் தெரிந்தபோது கதிகலங்கிப் போனேன். கேட்டில் பழக்கமான இரண்டு அம்மாக்களோடு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் அதை எழுப்பினோம். மோட்டார் சரியாகிவிட்டது, கதவுக்குத் தாழ்ப்பாள் இன்னும் பாக்கி.

இனிஷியல் பிரச்சினையும் பாக்கி. டி.சி.யில் அப்பா பெயரின் முதல் எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் எமிஸ் விவரத்தை வைத்துத்தான் தயாராகும், மதிப்பெண் சான்றிதழில் வருவதும் அதுதான், ஆகவே ஒன்பதிலேயே முடித்துவிடுங்கள் என்று கிளார்க் சொல்கிறார். பிறப்புச் சான்றிதழோடு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஐந்தாவது அரைநாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.