கொள்ளிடத்து மணலில் இறங்கி மாளிகைமேடு வரைக்கும்

டெல்டாவில் பாறை கிடையாது. தோண்டினால் வண்டல், அதற்குக் கீழே மணல், அப்புறம் களிமண், அவ்வளவுதான். அமெரிக்காவில் யூட்டா பக்கம் இருக்கும் என் அத்தை மகன் லீவு கிடைத்தால் அங்கே இருக்கும் பாலைவனப் பள்ளத்தாக்குகளில் இறங்கி நடப்பான், பாறைக் குடைவுக்குள் பழங்குடிகள் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய தானியக் களஞ்சியங்கள், சுவரில் பதிந்த கைத்தடங்கள் என்று படமாக அனுப்பித் தள்ளுவான். போன தடவை பேசும்போது, "நம்ம பக்கம் இப்படி நடந்து போய்ப் பாக்க என்னடா இருக்கு, கோயில விட்டா?" என்று கேட்டுவிட்டான்.

இருக்கிறது, ஆனால் அவன் ஊர் மாதிரி வைத்த இடத்தில் இருக்காது. இங்கே கல் என்றாலே வெளியூர்ச் சரக்கு, சுமந்துதான் வரவேண்டும். அவ்வளவு பாடுபட்டு வந்த கல்லை யாரும் சும்மா விடமாட்டார்கள், ஒன்றைப் பிரித்து இன்னொன்றைக் கட்டிவிடுவார்கள். ஒரு கோயில் மதில் எங்கே போனது என்று பார்க்கலாம் என்றுதான் நானும் மச்சானும் மே மாதத்தில் கிளம்பினோம். அக்கா திட்டினாள். இந்த வெயிலில் யாராவது கொள்ளிடத்தில் நடப்பார்களா என்றாள். மே மாதத்தை விட்டால் கொள்ளிடத்தில் எப்போது நடப்பது?

கும்பகோணத்திலிருந்து விடியற்காலையில் திருப்புறம்பியம். சாட்சிநாதர் கோயிலும், விநாயகர் சதுர்த்தி இரவில் தேன் அபிஷேகம் நடக்கும் பிள்ளையாரும் எல்லோருக்கும் தெரிந்தது. நாங்கள் போனது ஊருக்கு வெளியே இருக்கும் பள்ளிப்படைக்கு, அதாவது செத்த அரசனுக்காக எழுப்பிய கோயிலுக்கு. 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரகுண பாண்டியனுக்கும் பல்லவன் அபராஜிதனுக்கும் இந்த மண்ணில்தான் சண்டை நடந்தது. பல்லவன் பக்கம் நின்ற கங்க அரசன் பிருதிவீபதி இங்கே செத்தான், அவனுக்கு எழுப்பியது என்று சொல்கிறார்கள். ஜெயித்தது பல்லவன், லாபம் அவன் பக்கம் நின்ற ஆதித்த சோழனுக்கு. சோழர்கள் தலையெடுத்த கதை இங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது, ஆனால் இடத்தைப் பார்த்தால் அப்படி எதுவும் தோன்றாது. சின்னதாக, சிதைந்து, சுற்றிலும் புதரோடு கிடக்கிறது. பக்கத்து வயலில் இருந்தவர், "படம் புடிக்க வந்தீங்களா தம்பி, பாத்துப் போங்க, பூச்சி பொட்டு கெடக்கும்" என்றார். பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்கவில்லை.

அங்கிருந்து வடக்கே நடந்தால் கொள்ளிடக் கரை. இதற்கு முன் பஸ் ஜன்னலிலிருந்து மட்டும் கொள்ளிடத்தைப் பார்த்தவர்கள் ஒரு முறையாவது உள்ளே இறங்கிப் பார்க்கவேண்டும். முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரியும் இந்த ஆறு வெள்ளத்தை வாங்கிக்கொண்டு போகத்தான், மற்ற நாளில் கண்ணுக்கு எட்டின தூரம் வரை மணல்தான். எதிர்க்கரை கானலில் நெளிகிறது. செருப்போடு நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கை மணல் உள்ளே போகிறது, கழற்றினால் கால் வெந்துவிடும். நடு ஆற்றில் ஒல்லியாக ஒரு ஓடை, கரையோரம் நாணல், அங்கங்கே மணல் அள்ளிய பள்ளங்கள். அந்தப் பள்ளங்கள்தான் ஆபத்து. மேலே காய்ந்து தெரியும், ஓரம் கால் வைத்தால் பொலபொலவென்று சரியும்.

நீலத்தநல்லூர் பாலம் கண்ணில் படுவதற்குள் கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. கரையில் ஏறியதும் நுங்கு விற்பவர் ஒருவர் இருந்தார், மச்சான் எண்ணாமல் சாப்பிட்டார். அதற்கு மேல் நடக்க இரண்டு பேருக்குமே மனசில்லை, சொந்தக்காரப் பையனை வரச்சொல்லி பைக்கில் அணைக்கரை போய்ச் சேர்ந்தோம்.

கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து நடுவில் திட்டாக நிற்கும் ஊர் அணைக்கரை. இங்கே இருக்கும் கீழணையை 1836-இல் கட்டியவர் வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன். தேடி வந்த மதில் இதற்குள்தான் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைச் சுற்றி இருந்த கருங்கல் மதிலை ஏறக்குறைய முழுசாகப் பிரித்து, கோயிலின் மற்ற கல்லிலும் நிறைய எடுத்து, இந்த அணைக்குக் கொண்டுவந்தார்கள். கோயில் பாழாகிறதே என்று ஊர்க்காரர்கள் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கல்லுக்குப் பதிலாகச் செங்கல்லில் மதில் கட்டித் தருகிறோம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது. கட்டித் தரவில்லை.

அணை ஓரமாகக் கல் கல்லாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு கொடி, ஒரு பூதகணம், உடைந்த எழுத்து ஏதாவது தெரியாதா என்று. தண்ணீர் அறுத்துப் பாசி பிடித்த கருங்கல்தான், எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கப் போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா சத்தம் போட்டார். "ஏ தம்பி, அங்க எறங்காத, மொதல கெடக்கு!" விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அணைக்கரைப் பக்கத்துத் தண்ணீரில் முதலைகள் உண்டு. ஏறிவிட்டேன்.

காட்டன் மேல் கோபப்படலாம் என்றுதான் போனேன், முழுசாக முடியவில்லை. இங்கிருந்து வடவாறு வீராணம் ஏரிக்குப் போகிறது, தெற்கு ராஜன் வாய்க்கால் சீர்காழிப் பக்கம் போகிறது. சித்தப்பா வயலுக்குப் பாய்வது அந்த ராஜன் வாய்க்கால் தண்ணீர். சோழன் மதிலைப் பிரித்ததில் விளைந்த நெல்லைத்தான் நான் சின்ன வயசிலிருந்து சாப்பிட்டிருக்கிறேன். அதற்காகச் செய்தது சரி என்று ஆகாது, அந்தச் செங்கல் மதிலையாவது கட்டியிருக்கலாம்.

அணையைத் தாண்டியதும் மண்ணே மாறுகிறது. கறுப்பு போய்ச் செம்மண், நெல் போய் முந்திரி. மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கங்கை வரை படை அனுப்பிய முதலாம் ராஜேந்திரன் (1014–1044) புதிதாக அமைத்த தலைநகர், சோழர்கள் முடியும் வரை ஏறக்குறைய 250 வருஷம் தலைநகராகவே இருந்தது. கோயிலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. எனக்கு அங்கே ஒரே ஒரு இடம் போதும். வடக்குப் படிக்கட்டுப் பக்கம் இருக்கும் சிவனடியார் சண்டேசர் சிற்பம். உட்கார்ந்திருக்கும் சிவன் தன் கையால் அவர் தலையில் பூமாலையைச் சுற்றிவிடுகிறார், சண்டேசர் கை கூப்பிக் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுக்கிறார். மாலையைப் பிடித்திருக்கும் விரல்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அவசரமே இல்லாத விரல்கள். மாலை வாங்குவது ராஜேந்திரனேதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. இதையும் பெயர்த்து அணைக்குள் போட்டிருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன், வயிற்றைக் கலக்கியது.

அரண்மனை இருந்த மாளிகைமேடு கோயிலுக்குத் தென்மேற்கே, நடக்கும் தூரம்தான். அரண்மனை என்று நம்பிப் போனால் ஏமாற்றம், தோண்டிய குழிக்குள் செங்கல் சுவர்களின் அடிப்பாகம் மட்டும் வரிவரியாக ஓடுகிறது. தமிழகத் தொல்லியல் துறை 1980-களில் தோண்டியது, சமீபத்தில் மறுபடியும் தோண்டியது. கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. மேல்சுவர் எங்கே என்று பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டியைக் கேட்டேன்.

"எங்க போவும்? எங்க மாமனாரு காலத்துல வீட்டுக்கு வீடு இந்தக் கல்லுதான். நல்ல செங்கல்லு சாமி, சூளையில போட்டாக்கூட இப்ப அப்படி வராது."

மதில் அணைக்குப் போனது, மாளிகை வீட்டுச் சுவருக்குப் போனது. அத்தை மகனுக்கு இதைத்தான் எழுதி அனுப்பினேன்.

போகிறவர்களுக்கு: மேட்டூர் திறப்பது வழக்கமாக ஜூன் 12, அதற்கு முன்பே போய்விடுங்கள், தண்ணீர் வந்த பிறகு ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம். காலை ஒன்பது மணிக்குள் மணலை விட்டுக் கரை ஏறிவிட வேண்டும், நாங்கள் ஏறவில்லை. மாளிகைமேட்டில் ஓட்டுச் சில்லு காலில் பட்டாலும் எடுத்துப் பையில் போடாதீர்கள். சண்டேசரைச் சாயங்கால வெளிச்சத்தில் பார்ப்பதென்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே டீக்கடையில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.