11 மாத வீடும் 70 வருஷக் கடிதமும்

"ரெண்டே வருஷம்தாம்மா. கடன அடச்சிட்டு வந்துருவேன்." 2011 ஜூனில் திருநெல்வேலி ஸ்டேஷனில் அம்மாவிடம் இப்படிச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். மும்பை தாதரில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பையில் வேதாகமம். அதற்குள் அந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டை. எங்கள் பக்கத்துச் சபைகளில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஆளுக்கு ஒன்று எடுப்போம். அதில் இருக்கும் வசனம் அந்த வருஷம் முழுக்க நமக்கு. எனக்கு வந்தது எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' கிறிஸ்தவ வீட்டுச் சுவர்களில் காலண்டராகத் தொங்கும் அதே வசனம்தான்.

தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு கோலி. அறையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஏணி வைத்து ஏறும் பரணில் நான்கு பேர் படுப்போம். நிமிர்ந்து உட்கார்ந்தால் தகரம் தலையில் இடிக்கும். மாஹிமில் லோக்கல் ரயில் பிடித்து அந்தேரி போய்க் கணக்கு எழுத வேண்டும். இந்தியில் இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாத கணக்குப்பிள்ளை! மூன்றாம் மாதமே சம்பளம் நின்றது. 'அக்லே ஹஃப்தே' என்பார் முதலாளி. அடுத்த வாரம். நான் சுத்தமாகக் கற்றுக்கொண்ட முதல் இந்தி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை ஒன்றுதான் ஆறுதல். நெல்லை உச்சரிப்பில் பாமாலைப் பாட்டு, வாசலில் "ஸ்தோத்திரம் அண்ணாச்சி". கண்ணை மூடினால் ஊர்க் கோயிலில் அசனம் என்னும் சபை விருந்துப் பந்தியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வெளியே வந்தால் மறுபடி பம்பாய். யோசித்துப் பார்த்தால், நான் ஜெபிக்கப் போகவில்லை, இரண்டு மணி நேரம் ஊருக்குப் போய்விட்டு வந்தேன்.

சபையில் இட்லிக்கார ஆச்சி ஒருத்தி உண்டு. தாராவித் தமிழர் வீடுகளில் விடியுமுன் அவிக்கும் இட்லிதான் சைக்கிளில் மும்பை முழுக்கப் போகிறது. அந்த வீடுகளில் ஆச்சி வீடும் ஒன்று. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் வேதாகமத்தில் நீதிமொழிகள் புத்தகத்தை விடமாட்டாள். 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று. பரணில் கூடப் படுக்கும் பையன் வட்டிக்குப் பணம் வாங்க என்னிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்டிருந்தான். ஆச்சியிடம் சொன்னேன். அன்றைக்குத் தேதி 6. அந்த அதிகாரம் தொடங்குவதே பிணைப்பட்டு மாட்டிக்கொண்டவனுக்குச் சொல்லும் புத்தியோடுதான். "எனக்கு என்ன தெரியும், அதுல என்ன போட்டிருக்கோ அதான்" என்றாள். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பையன் ஒரு மாதம் பேசவில்லை, அது வேறு விஷயம்.

ஒருநாள் அட்டையைக் காட்டிப் புலம்பினேன். சமாதானம் என்று போட்டிருக்கிறது, எங்கே ஆச்சி?

"எய்யா, அதுக்கு மேல படிச்சியா?"

படித்ததில்லை. பரணில் செல்போன் வெளிச்சத்தில் படித்தேன். அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், 'பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி' அதற்காக ஜெபியுங்கள் என்கிறது. 70 வருஷம் ஆகும் என்றும் சொல்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவர் இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று தீர்க்கதரிசனம் சொல்கிறார். பொய்த் தீர்க்கதரிசி.

இரண்டு வருஷம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சம்பளம் வராததைச் சொன்னேன். "எல, இத முதல்லயே சொல்றதுக்கென்ன" என்று திட்டினாள். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அப்புறம் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் மராத்திக்கார அக்காவிடம் தினம் நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன். முதலாளிக்காகவும் ஜெபித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். ஒரு மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. வேறு வேலை தேடிக்கொண்டேன்.

தோட்டம் போட இடம்? காலி பெயின்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று.

இப்போது சயானில் இருக்கிறோம், மனைவி, மகளோடு. மும்பையில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம்தான். பத்தாவது மாதம் வந்தாலே முன்பெல்லாம் நெஞ்சு படபடக்கும், ஊருக்கே போய்விடலாமா என்று தோன்றும். போன தடவை வீடு மாறியபோது டெம்போவின் முன்சீட்டில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆள் உயரம் வளர்ந்துவிட்ட செடி, கண்ணாடியை மறைத்தது. டிரைவர் பின்னால் கிடந்த சாமான்களைப் பார்த்துவிட்டு மராத்தியில் கேட்டார்:

"ஊருக்கா கிளம்பிட்டீங்க?"

"இல்லண்ணே," என்றேன் மராத்தியிலேயே, "அடுத்த தெருவுக்கு."