அந்த ஒரு வரி

காணியின் வரலாறு எழுதுவது நில அளவையாளனின் வேலை அல்ல. எல்லை, மட்டம், பரப்பு, அவ்வளவுதான். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு குடும்பம், பெரிய வயல்காரராக இருந்த தாத்தா போடியாரின் வயலில் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் போட நினைத்தபோது, வரைபடத்தோடு ஒரு பக்கக் குறிப்பும் கேட்டார்கள். சரி என்றேன்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, வயலை நிரப்ப ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதற்காகத்தான் இந்த வரி: "1990 இல் இடம்பெயர்ந்த பின்னர் பயிர்ச்செய்கை இல்லை." மூத்த மகள் சொல்ல எழுதினேன். அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த வருடம் ஊரைவிட்டுப் போனவர்; அவரைப் பொறுத்தவரை வயலும் அன்றோடு நின்றுவிட்டது.

எல்லை காட்ட வந்தவர், போடியாருக்காக வயலைப் பார்த்துக்கொண்ட பழைய முல்லைக்காரரின் மகன். அவருக்கே எழுபது இருக்கும். வரம்பில் நடக்கும்போது, தண்ணீர் பாய வரம்பை வெட்டித் திறந்த ஒரு வக்கடையைப் பார்த்தேன். மண்வெட்டி பட்ட இடம் வழவழவென்று ஈரம் காயாமல் இருந்தது. பிடுங்கிப் போட்ட களை இன்னும் வாடவில்லை.

"இது யார் ஐயா வெட்டினது?"

"தண்ணி போக வேணுமே மனே."

"விதைக்கிறீங்களா?"

"போடியார்ர பிள்ளையள் எப்ப வந்தாலும் காணி அவங்கட. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கன்."

ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குத்தகை விவசாயியை நினைத்தபடி எழுப்பிவிட முடியாது என்பதும் அதே சட்டம்தான். தெரிந்தும் விட்டுக்கொடுத்தாரா, தெரியாமலா? கேட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாரா என்பதும் சந்தேகம்தான். அவர் உப்பைத் தின்றது அந்த வீட்டில்.

கோல்ஃப் என்றாலே கோபப்படுகிற ஆள் இல்லை நான். கொழும்பில் 1879இலும் நுவரெலியாவில் 1889இலும் தொடங்கிய ஆட்டம், படுவான்கரைக்கும் வந்து நாலு பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்தால் நல்லதுதானே. பரம்பரைக் காணியை என்ன செய்வது என்று சொல்ல நான் யார்?

வரியை நீக்கவில்லை. ஆனால் வரைபடத்தில் வரம்புகளையும் வக்கடைகளையும் ஒன்று விடாமல் குறித்தேன். முப்பது வருடம் கைவிட்ட வயலில் வக்கடை இப்படித் திறந்து கிடக்காது. கமநல உத்தியோகத்தர் ஒருவருக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கண்டதைக் குறித்தேன், என் வேலை முடிந்தது என்று அப்போது தோன்றியது. ஆனால் வரைபடத்தை யார் அவ்வளவு கூர்ந்து பார்க்கிறார்கள்? எல்லாரும் வாசிப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

மூத்த மகள் மட்டும் பார்த்தார். "இந்தச் சின்னக் கோடெல்லாம் என்ன அண்ணா?"

"தண்ணி போற வழி."

"நல்லதாப் போச்சு. குழாயையும் அதிலேயே புதைச்சிரலாம்" என்றார்.