வருகைக்காலக் குறிப்புகள்: பாளையங்கோட்டை, 2024

1 டிசம்பர் 2024, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளைக் கொண்ட வருகைக்காலம் (அட்வென்ட்) இன்று தொடங்கியது. திருப்பீடத்தில் ஊதா விரிப்பு போடப்பட்டிருந்தது. முதல் மெழுகுவர்த்தியை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை ஒருத்தி ஏற்றினாள். ஆராதனை முடிந்து செருப்பை மாட்டுவதற்குள் இந்த மாதத்தின் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்துவிட்டது. ஓய்வுநாள் பள்ளிக்கு ஒரு கிறிஸ்துமஸ், வாலிபர் ஐக்கியத்துக்கு ஒன்று, பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒன்று, பாடகர் குழுவின் கீத ஆராதனை, பிறகு தெருத்தெருவாகக் கேரல் ரவுண்ட்ஸ். இவற்றோடு நான் வேலை பார்க்கும் பள்ளியின் விழா, கணவரின் அலுவலக விழா, பிள்ளைகளின் வகுப்பு விழாக்கள். இருபத்தைந்தாம் தேதி பிறக்க வேண்டியவர் எங்கள் ஊரில் பதினைந்தாம் தேதிக்குள்ளாகவே பலமுறை பிறந்துவிடுகிறார்.

பழைய திருச்சபை வழக்கில் இந்த நாட்கள் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களைப் போலவே உபவாசத்துக்கும் மனந்திரும்புதலுக்கும் உரியவையாக இருந்தன; ஊதா நிறம் அதன் மிச்சம். மதியம் மாமனாரின் பழைய ஜெபப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வருகைக்காலத்து முதல் ஞாயிற்றுக்குரிய சுருக்க ஜெபத்தைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரை தினமும் சொல்லிவர வேண்டும் என்பது 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் வகுத்த ஒழுங்கு. அந்தகாரத்தின் கிரியைகளைத் தள்ளிவிட்டு ஒளியின் ஆயுதங்களைத் தரித்துக்கொள்ளக் கிருபை கேட்கும் ஜெபம் அது, ரோமர் 13ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தது, சில வரிகள்தான். இம்மாதத்துக்கென்று புதிய தியானப் புத்தகமோ, வேத வாசிப்பு அட்டவணையோ, அதிகாலை நான்கு மணிக்கு எழும் தீர்மானமோ வேண்டாம் என்றும், இந்த ஒரு ஜெபத்தை அடுப்படியில் நின்றாலும் பேருந்தில் நின்றாலும் தினமும் சொல்வது என்றும் முடிவு செய்திருக்கிறேன். பக்தியும் இன்னொரு வேலையாகி, முடிக்காமல் கிடக்கும் வேலைகளோடு போய்ச் சேர்வதில் எனக்கு விருப்பமில்லை.

5 டிசம்பர், வியாழன்

மாலையில் ஐயரம்மா, எங்கள் சபைப் போதகரின் மனைவி, தொலைபேசியில் அழைத்தார்கள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகைக்கு வழக்கம்போல அச்சுமுறுக்கு என் பொறுப்பு என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார்கள்.

“ஐயரம்மா, பாட்டுக்கு வாரேன், வேத வாசிப்புக்கும் வாரேன். பலகாரம் மட்டும் இந்த வருஷம் என்னால முடியாது. அரையாண்டுப் பரீட்சை வருது, விடைத்தாள் திருத்தணும்.”

“நீங்க இல்லேன்னா யாரு டீச்சர் செய்வா?”

“கடையில சொல்லிருவோமே.”

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவர்களே சிரித்துவிட்டு, “நானும் அதத்தான் நெனச்சேன், சொல்ல யோசனையா இருந்துச்சு” என்றார்கள். சபையில் ஆளாளுக்குச் சுமக்கும் சுமைகளில் பாதி, மற்றவர் வருத்தப்படுவாரோ என்று வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டவைதாம் என்று எனக்குப் படுகிறது.

8 டிசம்பர், ஞாயிறு

“இன்னும் எத்தன நாளும்மா?” என்று சின்னவன் கேட்காத நாளில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக் காத்திருத்தல் என்பது பெரிய வேலை. வருகைக்கால மெழுகுவர்த்தி வளையமே இப்படிப்பட்ட கேள்வியிலிருந்து பிறந்ததாகச் சொல்வார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்திவந்த யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் ஊழியர், கிறிஸ்துமஸ் எப்போது என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காக 1839ஆம் ஆண்டில் ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினாராம். பிற்பாடு அது நான்காகச் சுருங்கி உலகமெங்கும் பரவியது.

எங்கள் வீட்டில் சக்கரமில்லை. ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் நான்கு மெழுகுவர்த்திகளை நிறுத்தி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஏற்றுகிறோம். எட்டாவது படிக்கும் மூத்தவள் ஒரு வசனம் வாசிக்கிறாள். சுருக்க ஜெபத்தை எல்லோருமாகச் சொல்கிறோம். சின்னவன் ஊதி அணைக்கிறான். பரீட்சை நேரத்தில் குடும்ப ஜெபத்தை அரைமணி நேரம் இழுத்துப் பிள்ளைகளைத் தூங்கி வழியவைப்பதைவிட இது நன்றாகவே நடக்கிறது. ஊதி அணைக்கும் உரிமைக்காகத் தினமும் சண்டை வருகிறது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

13 டிசம்பர், வெள்ளி

விடாத மழை, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள். தாமிரபரணியில் வெள்ளம், குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதாகச் செய்தி. எதிர்வீட்டு அக்கா கார்த்திகைத் தீபத்துக்கு வாங்கிவைத்த அகல்களைத் திண்ணையில் ஏற்ற முடியாமல் கூடத்துக்குள் வைத்திருந்தார்கள். பொரி உருண்டை மட்டும் குடைக்குள் பத்திரமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மழை என்றாலே போன வருடத்து டிசம்பர் நினைவுக்கு வந்துவிடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருநெல்வேலிச் சந்திப்பு தண்ணீரில் நின்றது. தூத்துக்குடிப் பக்கம் ஊர் ஊராகத் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. அந்த வாரம் எங்கள் சபையில் யாரும் பலகாரத்தைப் பற்றிப் பேசவில்லை. பலகாரத்துக்கு ஊறப்போட வைத்திருந்த அரிசியைச் சோறாக வடித்துப் பொட்டலம் கட்டி அனுப்பினோம். நட்சத்திரம் கட்டாத வீடுகள் பல. அப்படியிருந்தும் 25ஆம் தேதி அதிகாலை ஆராதனையில் உட்கார இடமில்லை. எது இல்லாவிட்டாலும் கிறிஸ்துமஸ் நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும், திரைச்சீலை துவைக்கவில்லையே என்று இன்று காலை எனக்குப் படபடப்பு வந்ததை என்னவென்று சொல்வது! வெயிலே இல்லாத ஊரில் திரைச்சீலையைத் துவைத்து எங்கே காயப்போடுவது? இந்த வருடம் அது அழுக்காகவே தொங்கட்டும்.

15 டிசம்பர், ஞாயிறு

வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பிரசங்கம் செய்தார். டிசம்பரில் பெண்களை நோக்கிச் சொல்லப்படும் பிரசங்கம் பெரும்பாலும் லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வந்து நின்றுவிடும், இன்றும் அப்படியே. மார்த்தாளைப் போல அடுப்படியிலேயே நிற்காமல் மரியாளைப் போல ஆண்டவருடைய பாதத்தில் உட்காருங்கள் என்றார். மதியம் எங்கள் சங்கத்துப் பெண்கள் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போனார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வந்தவருக்குச் சோறு போடாமல் அனுப்ப எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்தச் சோற்றை யார் வடிப்பது என்ற கேள்விக்குப் பிரசங்கத்தில் இடமில்லாமல் போனதுதான் எனக்கு உறுத்தல்.

வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியை நிதானமாக வாசித்தேன். “மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்” என்றுதான் இயேசு சொல்கிறார். சமைத்தது தவறு என்று எங்கும் சொல்லவில்லை. என்னைத் தனியே வேலை செய்ய விட்டுவிட்டு இவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாளே, உமக்கு அக்கறையில்லையா என்று அவள் வந்து முறையிட்ட பிறகே அந்த வார்த்தை வருகிறது. இதே மார்த்தாள்தான் யோவான் 11ஆம் அதிகாரத்தில், சகோதரன் கல்லறையில் கிடக்கும்போது, ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வந்து, நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று விசுவாசிக்கிறேன் என அறிக்கையிடுகிறாள். பேதுருவின் அறிக்கையைக் கொண்டாடும் அளவுக்கு இவளுடைய அறிக்கையை நாம் கொண்டாடுவதில்லை. அடுத்த அதிகாரத்தில், யூதரின் பஸ்கா பண்டிகைக்கு ஆறு நாள் முன்பு, பெத்தானியாவில் மறுபடியும் ஓர் இராவிருந்து. அங்கேயும் மார்த்தாள்தான் பணிவிடை செய்கிறாள். மரியாள் அங்கேயும் பாதத்தண்டையில்தான் இருக்கிறாள். ஆனால் இந்த முறை முறையீடு இல்லை.

கடிந்துகொள்ளப்பட்ட பிறகும் அவள் அகப்பையைக் கீழே வைக்கவில்லை என்பது எனக்கு மிகுந்த ஆறுதலாக இருக்கிறது. எனக்கு வேண்டியது வேலையில்லாத டிசம்பர் அல்ல. அப்படியொன்று எந்தத் தாய்க்கும் வாய்க்கப்போவதில்லை. தனியே நிற்கிறேன் என்ற மனத்தாங்கலை ஆண்டவரிடம் கொண்டுபோவதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிடலாம். இரவே சொன்னேன். பயறு வறுத்துத் திரிப்பது என் கணவர், தேங்காய் துருவுவது மூத்தவள், எள் புடைப்பது அத்தை என்று ஏற்பாடாயிற்று. சின்னவனுக்கு என்ன வேலை என்பதில்தான் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

19 டிசம்பர், வியாழன்

முந்திரிக்கொத்து செய்தோம். பெயரில்தான் முந்திரி; உள்ளே இருப்பது சிறுபயறு. வறுத்து, தோல் நீக்கி, கொரகொரப்பாகத் திரித்த பயற்றோடு வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சேர்த்து, வெல்லப் பாகை ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருட்டிவிட வேண்டும். ஆறினால் உதிரும். பாகின் பதம் அத்தைக்கு மட்டுமே தெரியும். முழங்கால் வலியால் நிற்க முடியாதவர்கள், அடுப்பருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, இரு விரலால் உருட்டிப் பார்த்து, “இன்னும் ஒரு கொதி” என்றார்கள், பிறகு, “ம், எறக்கு.” உள்ளங்கை சிவக்கச் சிவக்க நாங்கள் உருட்டினோம். உருண்டைகளை மும்மூன்றாக மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் விட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும்.

உருண்டைகளை எண்ணி மும்மூன்றாக வைப்பது சின்னவன் வேலை. இரண்டை வைத்துவிட்டு மூன்றாவதை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். எண்ணெய்ச் சட்டி முன் நிற்கும்போது அன்றைய ஜெபம் இன்னும் சொல்லவில்லை என்று ஞாபகம் வந்து, முணுமுணுக்கத் தொடங்கினேன். “அந்தகாரத்தின் கிரியைகளைத் தள்ளிவிட்டு” என்று என் வாயில் வந்ததும், தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அவன் வாயிலிருந்ததைப் படக்கென்று விழுங்கிவிட்டான். அத்தை சிரித்த சிரிப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெபத்தை முடித்தேனா என்று எனக்கு நினைவில்லை. முடித்ததாகவே கணக்கில் வைத்திருக்கிறேன்.

21 டிசம்பர், சனி

கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் தெருவுக்கு இரவு பதினொன்றுக்குமேல்தான் வந்தது. டிரம்மும் கிட்டாரும் கிறிஸ்துமஸ் தாத்தாவுமாக ஒரே ஆரவாரம். தெருக்கோடி வீட்டில் அக்டோபரில் துக்கம் நடந்திருக்கிறது. அந்த வீட்டில் இந்த வருடம் நட்சத்திரம் இல்லை, பலகாரம் இல்லை. அங்கே போகும்போது வாலிபப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே டிரம்மைத் தெருமுனையில் இறக்கி வைத்துவிட்டார்கள். தாத்தா வேடமிட்டவர் முகமூடியைக் கழற்றிவிட்டார். பாமாலையிலிருந்து ஒரு பாட்டைத் தாளமில்லாமல் பாடி, உபதேசியார் சுருக்கமாக ஜெபித்து, புறப்பட்டார்கள். அந்த அக்கா வாசற்படியில் நின்று கும்பிட்டார்கள். இந்த மாதம் முழுவதும் நடந்த விழாக்களில் எனக்கு வருகைக்காலம் என்று பட்டது அந்த வீட்டு வாசலில்தான்.

24 டிசம்பர், செவ்வாய்

நேற்றோடு பரீட்சை முடிந்தது. விடைத்தாள் கட்டு மேசைமேல் இருக்கிறது, தொடவில்லை. ரவிக்கை தையற்கடையிலிருந்து வரவில்லை. பழையதைத் தேய்த்து வைத்தாயிற்று. குடிலில் முளைக்கப்போட்ட கேழ்வரகு விரலளவு எழும்பிப் பச்சென்று நிற்கிறது. தட்டுகள் மாலையே புறப்பட்டுவிட்டன: எதிர்வீட்டு அக்காவுக்கு, மாடியில் குடியிருக்கும் பாய் வீட்டுக்கு, தீபாவளிக்கு எங்களுக்கு அதிரசம் கொடுத்தனுப்பிய கோலப்பொடிக்காரப் பாட்டிக்கு. தெருக்கோடி அக்கா வீட்டுக்குத் தட்டு அனுப்பவில்லை. நானே போய்ச் சற்றுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

லூக்கா முதலாம் அதிகாரம் வாசித்தோம். இயேசுவின் தாய் மரியாள் எழுந்து மலைநாட்டுக்குத் தீவிரமாய்ப் போனாள் என்று வருகிறது. வயிற்றுப்பிள்ளைக்காரி அவ்வளவு அவசரமாகப் போனது வீட்டு வேலைக்காக இல்லை, உறவுக்காரி எலிசபெத்தைப் பார்க்க. சுமார் மூன்று மாதம் அங்கே தங்கவும் செய்தாள்.

25 டிசம்பர், புதன்

அதிகாலை ஆராதனைக்குப் போகும்போது இருட்டு. 1826ஆம் ஆண்டு மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் எழும்பிய ஆலயத்தின் ஊசிக்கோபுரத்து மணிச் சத்தம் தெருவரை கேட்டது. நற்கருணைக்கு முழங்கால்படியிடும் நேரத்தில் சின்னவன் என் தோளில் தூங்கிவிட்டான். மதியம் பிரியாணி. வேறொன்றும் எழுதுவதற்கில்லை, தூக்கம் வருகிறது.

27 டிசம்பர், வெள்ளி

திருச்சபை நாட்காட்டியின்படி கிறிஸ்துமஸ் 25ஆம் தேதி தொடங்குகிறது. ஜனவரி 6ஆம் தேதி பிரசன்னத் திருநாள் வரை பன்னிரண்டு நாள் இருக்கிறது. நாமோ 25க்கு முன்பே எல்லாவற்றையும் திணித்துவிட்டு, 26ஆம் தேதி படுத்துவிடுகிறோம். இந்த முறை தள்ளிவைத்தவற்றையெல்லாம் இந்த நாட்களில் செய்வதாக உத்தேசம். பெரிய அத்தையைப் பார்ப்பது, பெங்களூர் மைத்துனர் குடும்பத்தைச் சாப்பிட அழைப்பது, வெயில் அடித்தால் அந்தத் திரைச்சீலை.

நாளைக்கு அம்மா ஊரான மெஞ்ஞானபுரத்துக்குப் போகிறோம். 192 அடிக் கோபுரம் தூரத்தில் தெரிந்ததும் பிள்ளைகள் பேருந்துக்குள் கத்துவார்கள். அவர்களைக் கத்தவேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. விடைத்தாளில் பாதியைக் கூடவே எடுத்துக்கொள்கிறேன். ஜனவரி 2ஆம் தேதி பள்ளி திறக்கிறது. அம்மா வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுத் தருவார்கள். மூத்தவள் மதிப்பெண்ணைக் கூட்டித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறாள், ஒரு தாளுக்கு ஒரு முந்திரிக்கொத்து கூலி.