எச் ஒன்றுதான், என் வேறு: இலாரியா காப்புவா

புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எச்.ஐ. சோதனை (சீரத்தில், அதாவது இரத்தத் தெளிநீரில், வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி உண்டா என்று பார்ப்பது) பழகிவிட்டு இன்று கடல் கடந்து வாழும் நம்மவர்களுக்கு இத்தாலிய வைரஸ் ஆய்வாளர் இலாரியா காப்புவாவின் அருமை சொல்லாமலே விளங்கும். 1966இல் ரோமில் பிறந்தவர். கால்நடை மருத்துவம் படித்து, பாதுவா அருகே லெஞ்ஞாரோ ஆய்வகத்தில் பறவைக் காய்ச்சல் வைரஸ்களை ஆராய்ந்தவர்.

1999-2000இல் வட இத்தாலியில் எச்7என்1 வகைப் பறவைக் காய்ச்சல் (எச், என் இரண்டும் வைரஸின் மேற்பரப்புப் புரதங்கள்; எண்கள் அவற்றின் வகை) பரவி ஒரு கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் அழிந்தன. தடுப்பூசி போடலாம், ஆனால் ஊசி போட்ட கோழிக்கும் நோய் தொற்றிய கோழிக்கும் எச்7 ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்குமே! சீரத்தோடு வைரஸையும் கோழிச் சிவப்பணுவையும் சேர்த்து நாம் வைக்கும் அதே எச்.ஐ. சோதனைதான். ஆன்டிபாடி இருந்தால், தட்டைச் சாய்க்கும்போது சிவப்பணு வழியும்; இரண்டு கோழியின் சீரத்திலும் ஒன்றுபோலவே வழியும். பிறகு எந்தப் பண்ணையைப் பூட்டுவது, எந்த இறைச்சியை விற்க விடுவது?

காப்புவா குழுவினர் எச்7என்3 வைரஸைக் கொன்று எண்ணெயில் கலந்த ஊசியைப் போட வைத்தார்கள். எச்7 பொது, அதனால் பாதுகாப்பு கிடைக்கும். ஊசியில் உள்ளது என்3; ஆகவே என்1 ஆன்டிபாடி தென்பட்டால் அது பண்ணைக்குள் நுழைந்த வைரஸால் மட்டுமே வந்திருக்க முடியும். அதைக் கண்டுபிடிக்க, பூச்சி செல்களில் உண்டாக்கிய என்1 புரதத்தை வைத்து ஒளிர்சாயச் சோதனை செய்தார்கள். ஊசி போடாத சில பறவைகளையும் காவலுக்கு மந்தையில் விட்டார்கள்.

2002இல் எச்7என்3 வைரஸே நோயாக வந்தது. பழைய ஊசியால் இனி பிரித்தறிய முடியாது என்று எச்7என்1 ஊசிக்கு மாறினார்கள். ஊரில் எந்த ‘என்’ சுற்றுகிறது என்று பார்க்காமல் ஊசியைத் தேர்ந்தால் இந்த முறை படுத்துவிடும். அவருடைய பணிகளில் தலையாயது இதுவே என்பேன்.

உலகம் அவரை அறிந்தது வேறொன்றுக்காக. 2006இல் நைஜீரிய எச்5என்1 மரபணு வரிசையை 15 ஆய்வகங்கள் மட்டும் பார்க்கும் தரவுத்தளத்தில் போடச் சொன்னார்கள். மறுத்து, யாரும் பார்க்கக்கூடிய ஜென்பேங்கில் ஏற்றினார். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் நம் நாட்டின் முதல் எச்5என்1 உறுதியானது.

2013இல் அன்றைய இத்தாலியப் பிரதமர் மோன்தியின் அணியில் நின்று நாடாளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டே, வைரஸ் கடத்தினார் என்று தன்மேல் விசாரணை நடப்பதை ஒரு வார இதழைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கோழிகளைக் காக்க வழி சொன்னவருக்கு இப்படியொரு பழி, பெருங்கொடுமை. 2016 ஜூலையில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு பதவி விலகி, புளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலத்தையும் சேர்த்து ஆராயும் மையத்தை அங்கே நடத்தினார்.