பச்சைத் தண்ணி

"பச்சைத் தண்ணியில குளிக்காதடா, சளி பிடிக்கும்" என்றேன்.

வாளியை எட்டிப் பார்த்த மகள், "தண்ணி பச்சையாவே இல்லையேப்பா!" என்றாள்.

சூடு காட்டாத தண்ணீர் பச்சைத் தண்ணீர். சுடாத மண் பச்சை மண். ஆறாத புண் பச்சைப் புண், அது சிவந்து கிடந்தாலும். பிள்ளை பெற்று நாலு நாளே ஆனவளைப் 'பச்சை உடம்புக்காரி' என்கிறோம். எவ்வளவு கனிவான சொல் அது! இதில் எதிலுமே அந்த நிறம் இல்லை. இன்னும் முற்றாத, வேகாத, ஆறாத ஒரு நிலைதான் இருக்கிறது.

பசுமை, பாசி, பைங்கிளி எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. பிரிவில் மேனி வெளிறுகிற பசலையும் அந்த வேர்தான்.

குறுந்தொகை 399-ஆம் பாடலில் பரணர் பாசியையும் பசலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஊரார் நீர் உண்ணும் கேணியில் கை பட்ட இடத்தில் பாசி விலகும், கையை எடுத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். காதலன் தொடத் தொட நீங்கி, விட விடப் பரவுகிறது பசலை. இரண்டு சொல்லும் உடன்பிறந்தவை என்று தெரிந்தபின் அந்த உவமை இன்னும் ஆழமாக இறங்குகிறது. இன்று காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மகளுக்குப் பாட்டெல்லாம் சொல்லவில்லை. "நீ பொறந்தப்போ பச்சைக் குழந்தை" என்று மட்டும் சொன்னேன்.

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.