செத்த ரைபோசைமும் வெட்டியது

ரைபோசைம் என்பது நொதி போல வேலை செய்யும் ஆர்என்ஏ, என்னுடையது டிஎன்ஏவை வெட்ட வேண்டியது. அது வெட்டியதா என்று டிஎன்ஏவை ஜெல்லில் ஓட்டிப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பிளாஸ்மிட் என்ற வட்ட வடிவ டிஎன்ஏ முறுக்கிக்கொண்டு இருக்கும்வரை ஜெல்லில் வேகமாக ஓடும், ஓர் இழையில் ஒரே ஒரு வெட்டு விழுந்தாலும் முறுக்கு அவிழ்ந்து பின்தங்கிவிடும். என் ரைபோசைம் போட்ட லேனில், அதாவது ஜெல்லின் ஓடுபாதையில், கீழ்ப்பட்டை மறைந்து மேலே புதுப்பட்டை வந்திருந்தது. மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவைச் சேர்த்த லேனில் வெட்டே இல்லை. என் ரைபோசைமுக்கு மக்னீசியம் இல்லாமல் வேலை ஓடாது, ஆக நிரூபணம் முடிந்தது என்று நினைத்தேன்.

மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பரில் ஆர்என்ஏ இடத்தை மட்டும் காட்டும், வெட்டுவது காஸ்9 புரதம். நான் கையில் வைத்திருந்தது குரூப் 2 இன்ட்ரான் வகை, பாக்டீரியாவிலிருந்து வருவது, ஆர்என்ஏவே கத்தி. இதன் சில வகைகள் டிஎன்ஏவின் ஓர் இழையை வெட்டி அங்கேயே தங்களைச் செருகிக்கொள்ளும், எதிர் இழையை வெட்டுவது கூடவே வரும் புரதம். எங்கே போய் உட்கார வேண்டும் என்பது ஆர்என்ஏவின் எழுத்துகளான காரங்கள் டிஎன்ஏவின் காரங்களோடு ஜோடி சேர்வதைப் பொறுத்ததுதான், அதனால் ஆர்என்ஏவில் சில எழுத்துகளை மாற்றினால் இலக்கும் மாறும். புரதமே இல்லாமல் டிஎன்ஏவை வெட்டும் ஒரு வகையை 2024-ல் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு சயின்ஸ் இதழில் வெளியிட்டது, பெயர் ஹையர். அதைப் படித்த நாளிலிருந்தே இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை.

சரி, ஜெல்லுக்கு வருவோம். மூத்த சக ஊழியர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “செத்த ரைபோசைமைப் போட்டுப் பார்த்தியா?” ரைபோசைமின் ஐந்தாவது டொமைனில், அதாவது ஐந்தாவது பகுதியில், வினையைச் செய்யும் மூன்று காரங்களை மாற்றினால் வெட்டும் திறன் போய்விடும், அதைத்தான் சொன்னார். செய்திருக்கவில்லை. செய்தேன். செத்ததும் அதே அளவுக்கு வெட்டியது!

அப்புறம்தான் புரிந்தது. ஆர்என்ஏவைத் தயாரிக்க ஒரு டிஎன்ஏ அச்சு வேண்டும், வேலை முடிந்ததும் அச்சை அழிக்க டிஎன்ஏஸ் 1 என்ற நொதியைப் போடுவோம். ஆர்என்ஏவை வடிகட்டிப் பிரிக்கும் சிறு குழாய் (column) மூலம் சுத்தம் செய்தது போதும் என்று விட்டிருந்தேன், கொஞ்சம் டிஎன்ஏஸ் கூடவே வந்துவிட்டது. அதுவும் டிஎன்ஏவை வெட்டும், அதற்கும் மக்னீசியம் வேண்டும். என் பெருமைக்குரிய ஈடிடிஏ லேன் எதையும் பிரித்துக் காட்டவே இல்லை, இரண்டு திருடர்களையும் ஒரே அறையில் பூட்டிவிட்டது. உறுதிப்படுத்த, ஆர்என்ஏவை முதலில் ஆர்என்ஏஸ் ஏ என்ற நொதியைப் போட்டுச் சிதைத்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் வெட்டு விழுந்தது. ஆர்என்ஏவே இல்லாத இடத்தில் ரைபோசைம் எங்கிருந்து வரும்?

ஒரு வாரம் எரிச்சலில் போனது. பிறகு யூரியா சேர்த்த பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஆர்என்ஏவைப் பிரித்து, பட்டையை வெட்டி எடுத்து, ஃபீனால் வைத்துச் சுத்தம் செய்தேன். கையுறை மாற்றி மாற்றி விரல்தான் நொந்தது. தோலில் இருக்கும் ஆர்என்ஏஸ் பட்டால் எல்லாம் பாழ்.

மறுபடி ஓட்டினேன், உயிருள்ளது ஒரு லேன், செத்தது ஒரு லேன். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு உயிருள்ளதில் ஒரு மங்கலான பட்டை தெரிந்தது, செத்ததில் எதுவும் இல்லை. அதுவும் செல்லுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு மக்னீசியம் ஊற்றிய பிறகுதான். முதல் நாள் ஜெல்லோடு பக்கத்தில் வைத்தால் பார்க்க ரொம்பச் சுமார்.